இடக்கைக்காரருக்கு ஏற்ற போல்ட் றைபிள்: பெருவிலங்கு வேட்டைக்கு எதைப் பார்த்து வாங்குவது

நெடுங்கேணியில் பிறந்து இப்போது கனடாவின் அல்பேர்ட்டாவில் வாழும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் இடக்கைக்காரர். சுடுகலன் உரிமம் பெற்றுவிட்டார். வருகிற இலையுதிர் காலத்தில் மூஸ், எல்க் என்னும் மிகப் பெரிய மான் வகைகளை வேட்டையாடப் போக எண்ணியிருக்கிறார். சித்தப்பா தம்முடைய வலக்கை றெமிங்டன் 700 றைபிளைக் காசில்லாமல் தர முன்வந்திருக்கிறார். அதையே பழகிக்கொள்ளலாமா, அல்லது செலவழித்து இடக்கை றைபிள் வாங்க வேண்டுமா, வாங்குவதென்றால் எந்த வகை, எந்தத் தோட்டா என்பதுதான் கேள்வி. நானும் இடக்கைக்காரன். கனடாவின் மேற்கில் நீண்ட காலம் வேலை செய்து, அந்தக் காடுகளில் முறைப்படி வேட்டையாடிப் பழகி, இப்போது மல்லாவியில் வயல் செய்துகொண்டிருக்கிறேன். எனவே விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு வரம்பு. இந்தப் பதில் கனடாவில் உரிமத்தோடு வேட்டையாடுபவருக்கு மட்டுமே உரியது. இலங்கையில் மரை, புள்ளிமான், யானை, சிறுத்தை ஆகியவை வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்ற கமக்காரர் கையில் இருப்பதும் பெரும்பாலும் 12 போர் துவக்குத்தானே தவிர, றைபிள் அல்ல. விலங்கு வரும் வழியில் பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கைப் பற்றியோ, மருந்தை இடித்து நிரப்பும் உள்ளூர் இடியனைப் பற்றியோ நான் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை. அவற்றால் காலிழந்த மனிதரையும் புண் அழுகிச் செத்த யானையையும் எங்கள் பக்கத்து மக்கள் போதுமான அளவு பார்த்துவிட்டார்கள்.

கேள்விக்கு நேரான பதில் இதுதான்: உங்கள் இடக்கண் முந்திக் குறிபார்க்கும் கண்ணாக இருந்தால், இடக்கை றைபிளையே வாங்குங்கள். முதல் வெடிக்கு அது பெரிய வித்தியாசத்தைத் தராது. பெருவிலங்கு வேட்டையில் பல வேளைகளில் தேவைப்படுகிற இரண்டாவது வெடிக்காகவே அதற்குக் காசு கொடுக்கிறோம்.

கண்ணைச் சோதிப்பதை எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண் மற்றதைவிட முந்திக்கொண்டு பொருளைப் பிடிக்கும். இடக்கைக்காரர் எல்லோருக்கும் அது இடக்கண்ணாகவே இருக்கும் என்று கொள்ள முடியாது. அதிலும் எங்கள் ஊர்களில் இடக்கையால் எழுதத் தொடங்கிய பிள்ளையின் கையைத் தட்டி வலக்கைக்கு மாற்றிய பெற்றோரும் ஆசிரியரும் நிறையப் பேர். அப்படி மாறிய பழக்கத்தால் கண் மாறுவதில்லை. ஆகவே வலக்கையால் எழுதி, இடக்கையால் கத்தி பிடித்து, எந்தத் தோளில் துவக்கை வைப்பது என்று தெரியாமல் நிற்கும் ஆட்கள் எங்களிடையே இருக்கிறார்கள். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களுக்கிடையில் ஒரு சிறு முக்கோண இடைவெளி வருமாறு சேர்த்து, இரு கண்களையும் திறந்தபடி தூரத்து மரமொன்றை அந்த இடைவெளியூடாகப் பாருங்கள். பிறகு மரத்தைப் பார்வையில் இருந்து தவறவிடாமல் கைகளை மெல்ல முகத்தை நோக்கி இழுத்து வாருங்கள். கைகள் எந்தக் கண்ணுக்கு முன்னால் வந்து சேருகின்றனவோ அதுவே உங்கள் ஆதிக்கக் கண். அது வலக்கண்ணாக அமைந்து, இதுவரை நீங்கள் துவக்கே பிடித்துப் பழகாதவராகவும் இருந்தால், வலத் தோளில் பழகிப் பார்ப்பதுதான் நல்லது. அப்போது சித்தப்பாவின் றைபிள் உங்களுக்குச் சரியான றைபிள். இடக்கண்ணாக இருந்தால் கீழே சொல்வது எல்லாம் உங்களுக்குப் பொருந்தும்.

வன்னியில் வளர்ந்தவருக்கு இடக்கை, வலக்கை என்ற பேதம் துவக்கில் இருக்கிறது என்பதே புதிதாகத் தோன்றலாம். ஒற்றைக்குழல் 12 போர் துவக்கு நடுவில் முறிந்து திறப்பது. தோட்டாவைப் போட்டு மூடுவதற்கு எந்தக் கையும் ஒன்றுதான். போல்ட் றைபிள் அப்படி அல்ல. அதில் போல்ட் என்னும் உருளைத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளியே ஒவ்வொரு தோட்டாவையும் ஏற்ற வேண்டும். எங்கள் ஆட்கள் 303 என்று சொல்லும் லீ-என்பீல்ட் றைபிளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், அதன் போல்ட் கைபிடி வலப்பக்கத்தில் இருக்கும். வலக்கைக்காரர் இடக்கையால் முன்பகுதியைத் தாங்கியபடியே, விசையில் இருந்த வலக்கையைச் சிறிது உயர்த்திப் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மூடிவிடுவார்; றைபிள் தோளைவிட்டு அசையாது, கன்னமும் தோளில் பதியும் கட்டையைவிட்டு எழாது. அதே றைபிளை இடத் தோளில் வைத்தவருக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, விசையில் இருக்கும் இடக்கையை எடுத்து றைபிளுக்கு மேலாக வளைத்து வலப்பக்கக் கைபிடியைப் பிடிக்க வேண்டும். மற்றது, முன்பகுதியைத் தாங்கும் வலக்கையைப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். முதலாவதில் முழங்கை முகத்துக்கு முன்னால் வந்து பார்வையை மறைக்கும். இரண்டாவதில் குழல் கீழே விழும்.

மூஸ் நல்ல அடி வாங்கிய பிறகும் விழாமல் நிற்கக்கூடிய விலங்கு. நுரையீரலில் ரவை, அதாவது தோட்டாவில் இருந்து பாயும் குண்டு, போனாலும் சில விநாடிகள் ஒன்றும் நடவாததுபோல நின்று, பிறகு நடந்து சதுப்புக்குள்ளோ வில்லோப் புதருக்குள்ளோ இறங்கிவிடும். 400 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு விலங்கு இடுப்பளவு குளிர்ந்த நீருக்குள் போய் விழுந்தால், அதை வெளியே எடுப்பது எத்தனை பெரிய பாடு என்பதை ஒருமுறை பட்டவர் மறக்கமாட்டார். அதைவிடப் பெரிய விடயம், காயத்தோடு போன விலங்கைத் தேடிக் கண்டுபிடிக்காமல் விடுவது. அது வேட்டைக்காரன் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் என்றே நான் நம்புகிறேன். எனவே விலங்கு நிற்கும் வரை, அல்லது விழுந்து அடங்கும் வரை, கண்ணை ஸ்கோப் என்னும் குறிபார்க்கும் தொலைநோக்கியில் இருந்து எடுக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றக்கூடிய ஒருவர் மட்டுமே அந்த விலங்கின்மேல் முதல் வெடியை வைக்க வேண்டும். இடக்கைக்காரருக்கு அந்தத் திறமையை இலகுவாகத் தருவது இடக்கை போல்ட்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். றைபிளின் முன்பகுதியைப் பையிலோ இருகால் தாங்கியிலோ சாய்த்துவிட்டால், இடக்கைக்காரர் விசையில் இருந்து இடக்கையை எடுக்காமலே, சும்மா இருக்கும் வலக்கையால் வலப்பக்கப் போல்ட்டை இயக்கலாம். குறிச்சுடும் திடலில் இது வேகமானதும்கூட. இதனால்தான் இடக்கைக்காரர் சிலர் வாழ்நாள் முழுவதும் வலக்கை றைபிளோடு நன்றாகச் சமாளிக்கிறார்கள். ஆனால் காட்டில் எப்போதும் சாய்வதற்கு இடம் கிடைப்பதில்லை. முழங்காலிட்டோ, மரத்தோடு ஒட்டி நின்றோ, கையால் தாங்கியோ சுடவேண்டி வரும்போது அந்த வசதி முற்றாகப் போய்விடும்.

பாதுகாப்புக் காரணமும் ஒன்று உண்டு. வலக்கை றைபிளில், வெடித்த தோட்டாவின் வெற்றுக்கோது வெளியேறும் வாசல் வலப்பக்கம் இருக்கிறது. இடத் தோளில் வைத்தவரின் முகமும் கட்டையின் வலப்பக்கத்தில்தான் பதிந்திருக்கும். சாதாரண நாளில் கோது முன்னால் பறந்து போய்விடும், கெடுதல் இல்லை. கோதின் அடி வெடித்து வாயு பின்னோக்கிப் பாயும் அரிய வேளையில் அந்த வாசல் முகத்துக்குப் பக்கத்தில் திறந்திருப்பது நல்லதல்ல. எந்த றைபிளானாலும் கண்ணாடி அணிந்தே சுடுங்கள்.

இனி, கடையில் றைபிளைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை. போல்ட் கைபிடி இடப்பக்கம் இருக்கிறது என்பதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். தோளில் வைக்கும் கட்டையின் கன்னம் பதியும் மேடு வலக்கைக்காரருக்கென்றால் இடப்பக்கத்தில் இருக்கும். உங்களுக்கு அது வலப்பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பழைய றைபிள்களில் போல்ட் மாற்றப்பட்டும் கட்டை மாறாமல் இருப்பதுண்டு, அதைக் கவனியுங்கள். பாதுகாப்புப் பூட்டு கைப்பிடியின் மேல், நடுவில் இருந்தால் இரு கைக்கும் ஒன்றுதான். பக்கத்தில் இருந்தால் அது இடப்பக்கத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறதா, கையுறையோடு பெருவிரலால் சத்தமில்லாமல் தள்ள முடிகிறதா என்று பாருங்கள். மூஸ் கிட்ட நிற்கும்போது அந்தச் சிறு சத்தம் போதும், அது போய்விடும்.

கட்டையின் நீளம் எங்கள் ஆட்களுக்கு மிக முக்கியம். தொழிற்சாலைக் கட்டைகள் பெரும்பாலும் விசையில் இருந்து பின்விளிம்பு வரை 34 அல்லது 35 சென்ரிமீற்றர் அளவில் வருகின்றன. உயரம் குறைந்தவர் கடையில் சட்டையோடு நின்று தூக்கிப் பார்க்கும்போதே அது சற்று நீளமாகத் தெரியும். நவம்பர் மாதத்தில் தடித்த குளிரங்கி போட்ட பிறகு, றைபிளின் பின்பகுதி அக்குளில் சிக்கி, தோளுக்கு வரவே வராது. எனவே கடைக்குப் போகும்போது வேட்டைக்குப் போடப்போகும் அங்கியையே போட்டுக்கொண்டு போங்கள். கண்ணை மூடிக்கொண்டு றைபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறந்தால் ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ ஒடுக்கியோ வட்டத்தைத் தேட வேண்டியிருந்தால் அந்தக் கட்டை உங்களுக்கு உரியதல்ல. இடக்கையில் குட்டைக் கட்டை உள்ள வகைகள் குறைவு. ஆனால் பின்புறத்துத் துண்டுகளை எடுத்தோ சேர்த்தோ நீளத்தை மாற்றக்கூடிய கட்டைகள் இருக்கின்றன. இல்லாவிட்டால் துவக்குத் திருத்துநரிடம் கொடுத்து ஓர் அங்குலம் வெட்டுவிக்கலாம். பல கனேடிய வேட்டைக்காரர் இதைப் பொருட்படுத்துவதில்லை, அவர்களுக்குத் தேவையும் இல்லை. எங்களுக்குத் தேவை.

இடக்கைக்காரர் பலர் கவனிக்கத் தவறுவது ஸ்கோப். சில ஸ்கோப்புகளில் தூரத்துக்கு ஏற்பத் தெளிவைச் சரிசெய்யும் குமிழ் இடப்பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும். இடக்கை றைபிளில் கோது வெளியேறும் வாசலும் அதே பக்கம்தான். பெரிய குமிழ் இருந்தால், கையுறையோடு மேலிருந்து தோட்டா ஏற்றும்போது விரல் முட்டும். பெருவிலங்குக்கு அந்தக் குமிழே வேண்டியதில்லை. 3 முதல் 9 மடங்கு வரை பெருக்கும், 40 மில்லிமீற்றர் முன்கண்ணாடி கொண்ட சாதாரண ஸ்கோப் போதும். அதைத் தாழ்வாகப் பொருத்துங்கள்.

வகைகளுக்கு வருகிறேன். என் முதல் தெரிவு டிக்கா டி3எக்ஸ். பின்லாந்தில் சாக்கோ நிறுவனம் செய்வது. போல்ட்டை 70 பாகை மட்டும் தூக்கினால் போதும், அது எண்ணெயில் வழுக்குவது போல ஓடும், விசை இழுபடாமல் சட்டென விடுபடும், இடக்கை வடிவமும் தொடர்ந்து கிடைத்து வந்திருக்கிறது. கனடாவின் வடபகுதிகளைக் காவல்செய்யும் கனேடிய றேஞ்சர் படையினரிடம் இருந்த பழைய 303 றைபிள்களுக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்ட சி19 றைபிளும் டிக்காவின் இதே வடிவமைப்பில் செய்யப்பட்டதுதான்; கடுங்குளிரில் நம்பலாம் என்பதற்கு அதற்குமேல் சான்று வேண்டாம். அடுத்து சவேஜ் 110. 1958 இல் வந்த இந்த றைபிளை இடக்கை வடிவிலும் பெருந்தொகையாகச் செய்து, சாதாரண வருமானம் உள்ள இடக்கைக்காரருக்கு வழி திறந்த நிறுவனம் அது. போல்ட்டை 90 பாகை தூக்க வேண்டும், ஓட்டம் சற்றுச் சொரசொரப்பு. ஆனால் குறி தவறாது, பூட்டு நடுவில் இருக்கிறது, சில வகைகளில் கட்டையின் நீளத்தையும் கன்ன மேட்டின் உயரத்தையும் வீட்டிலேயே மாற்றலாம். மேலே சொன்ன நீளச் சிக்கல் உங்களுக்கு இருந்தால் டிக்காவுக்கு முன்னால் இதைத் தூக்கிப் பாருங்கள். காசு மிகவும் இறுக்கமாக இருந்தால் றூகர் அமெரிக்கன். தோற்றம் மலிவு, வேலை மலிவல்ல. காசு இருந்தால், ஜப்பானில் மிரோக்கு தொழிற்சாலையில் செய்யப்படும் பிறவுணிங் எக்ஸ்-போல்ட், 60 பாகைத் தூக்கலோடு அழகான றைபிள். வெதர்பி மார்க் 5 இன்னும் உயர்ந்த விலை, 54 பாகைத் தூக்கல். முதல் றைபிளுக்கு அது தேவையில்லை.

இடக்கை றைபிள்களில் தோட்டா வகைகள் குறைவாகவே வரும். அது குறையாகத் தெரிந்தாலும், கிடைப்பவை பெரும்பாலும் தேவையான வகைகள்தான். மூஸ் பெரியது என்பதால் பெரிய தோட்டா வேண்டும் என்று புதியவர்கள் 1963 இல் வந்த .300 வின்செஸ்டர் மக்னத்துக்கு ஓடுகிறார்கள். சுடும்போது தோளில் விழும் அதன் உதை, .308 வின்செஸ்டர் என்னும் நடுத்தரத் தோட்டாவின் உதையைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உதைக்குப் பயந்த தோள் விசையை இழுக்கும் கணத்தில் தானாகவே ஒடுங்கும், ரவை வயிற்றில் போகும். நல்ல இடத்தில் படும் .308, தவறான இடத்தில் படும் மக்னத்தைவிட எத்தனையோ மேல். 1952 இல் வந்த .308 வின்செஸ்டரும், 1906 இல் இருந்து மனிதர் நம்பிவரும் .30-06 உம் எந்தச் சிறு ஊரின் கடையிலும் கிடைக்கும். தோட்டாப் பெட்டியை மறந்து பயணம் வந்தவருக்கு அதன் அருமை தெரியும். மூஸை மனதில் வைத்தால் நான் .30-06 ஐ ஒரு விரற்கடை முன்னால் வைப்பேன். 180 கிறெயின், அதாவது 11.7 கிராம் எடையுள்ள ரவையை அது விநாடிக்கு ஏறத்தாழ 820 மீற்றர் வேகத்தில் அனுப்பும். உடல் சிறியவர், உதையை விரும்பாதவர் .308 ஐ எடுத்து 165 கிறெயின் ரவை போடட்டும். 2007 இல் வந்த 6.5 கிறீட்மோர் மானுக்கு அருமையானது, எல்க்குக்குக் கவனமாகப் பயன்படுத்தலாம். மூஸே முதல் நோக்கம் என்றால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

தோட்டாவின் பெயரைவிட ரவையின் அமைப்புக்குக் கூடுதல் கவனம் கொடுங்கள். 1946 இல் ஜோன் நொஸ்லர் என்பவர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸைச் சுட்டபோது, அவருடைய வேகமான ரவைகள் சேறு காய்ந்த தடித்த தோளில் பட்டு உடைந்து சிதறி, உள்ளே போகாமல் நின்றுவிட்டன. நடுவில் தடுப்புச் சுவர் வைத்து, முன்பாதி விரியவும் பின்பாதி உடையாமல் ஊடுருவவும் செய்த பார்ட்டிஷன் ரவை அந்த அனுபவத்தில் பிறந்து, 1948 இல் விற்பனைக்கு வந்தது. இன்றும் மூஸுக்கு அது முதல் தரம். முழுச் செம்பு ரவைகளும் அதே வேலையைச் செய்யும். ஈயத் துணுக்கு இறைச்சியில் சேராது என்பதால், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் செம்பையே சொல்வேன்.

குழல் 56 சென்ரிமீற்றர், அதாவது 22 அங்குலம் போதும். துருப்பிடிக்காத உருக்கும் செயற்கைக் கட்டையும் ஈரத்துக்கு நல்லவை. ஸ்கோப்போடு மூன்றரைக் கிலோ அளவில் இருக்கட்டும்; அதைவிட இலேசானால் உதை கூடும். உறைகுளிரில் போல்ட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தடித்து, ஊசி மந்தமாக அடித்துத் தோட்டா வெடிக்காமல் போகக்கூடும். பருவம் தொடங்குமுன் போல்ட்டைக் கழற்றி எண்ணெயை முழுவதும் துடைத்துவிடுங்கள்.

வாங்கும் காலமும் முக்கியம். கடைகள் இடக்கை றைபிள்களை ஒன்றிரண்டாகத்தான் வைத்திருக்கும். செப்ரெம்பரில் போய்க் கேட்டால் இருப்பதை எடுக்க வேண்டியதுதான். மாசி, பங்குனியிலேயே சொல்லிவைத்துத் தருவியுங்கள். பாவித்தது நல்ல விலைக்கு வந்தால் தயங்க வேண்டாம். இடக்கை றைபிளை வாங்கியவர்களில் பலர் அதிகம் சுடாமலே விற்றுவிடுவதால், குழல் புதிதாகவே இருப்பதுண்டு.

றைபிள் வந்ததும் 100 மீற்றரில் ரவை குறிக்கு 5 சென்ரிமீற்றர் மேலே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள்; .30-06 அல்லது .308 என்றால், அதன் பிறகு 200 மீற்றர் வரை தோளின் பின்பகுதியை நேராகக் குறிபார்த்தாலே போதும். பிறகு வீட்டில், தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவைத்துவிட்டு, வெடிமருந்தில்லாப் பயிற்சித் தோட்டாவைப் போட்டு, கன்னத்தை எடுக்காமல் போல்ட்டை இயக்கிப் பழகுங்கள். வலக்கைக்காரரைப் பார்த்துப் பழகியவர் கையில் தயக்கம் இருக்கும். நாளுக்குச் சில நிமிடம் கொடுத்தால் ஒரு மாதத்துக்குள் அது போய்விடும்.

சித்தப்பாவின் றெமிங்டன் 700 ஐப் பற்றி. முதலில் அதன் தொடர் இலக்கத்தைப் பாருங்கள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்யப்பட்ட எக்ஸ்-மார்க் புரோ விசைகளை, தொடாமலே வெடிக்கக்கூடும் என்ற காரணத்தால் நிறுவனமே 2014 இல் திரும்ப அழைத்தது. அந்தக் காலத்து றைபிள் என்றால், விசை மாற்றப்பட்டது என்று உறுதியாகும் வரை அதில் தோட்டா ஏற்றவே கூடாது. அந்தக் குறை இல்லையென்றால், உங்கள் இடக்கை றைபிள் இந்தப் பருவத்துக்குள் வந்துசேராவிட்டால், அதைக் கொண்டுபோகலாம். சித்தப்பாவிடம் இருந்து பெறும்போது இருவரிடமும் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும். அந்த ஒரு பருவத்துக்கு உங்களுக்கு நீங்களே எல்லை போட்டுக்கொள்ளுங்கள்: சாய்வதற்குப் பையோ மரக்குற்றியோ கிடைத்தால் மட்டும், 100 மீற்றருக்குள் மட்டும், விலங்கு பக்கவாட்டில் அசையாமல் நின்றால் மட்டும் சுடுங்கள். வெடித்த உடனே, விழுந்ததா இல்லையா என்று தலையைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்பே, வலக்கையால் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றிவிடுங்கள்.